பூஜ்யக்காரனுக்கு ஒரு வரி

போட்டியில் ஜெயித்தது பெரிய விஷயமில்லை. ஜெயித்ததைப் பங்கு பிரிப்பதில்தான் பூரணிக்கும் அவளுடைய கூட்டாளிகள் இருவருக்கும் நாக்குத் தள்ளிப்போனது.

அந்தக் காலத்தில் கணினி நிரல் போட்டியின் இறுதிச் சுற்று முடிந்ததும் ஜெயித்த அணியை உடனே மேடையேற்றுவதில்லை. ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். மூன்று பேர், மூன்று பரிசு, மூன்று மணிக்கட்டிலும் ஆளுக்கொரு பட்டை. பட்டைக்குப் போட்டி நடத்தும் மன்றம் வைத்த பெயர் ஒப்பீட்டுணர்வு மானி. மற்றவர்கள் எல்லாரும் அதை எரிச்சல் பட்டை என்றுதான் சொன்னார்கள். அடுத்தவன் பங்கைப் பார்த்து வயிறு எரிந்தால் சிவப்பு. லேசாகப் புகைந்தால் மஞ்சள். எரியாவிட்டால் பச்சை. நாடித்துடிப்பு, வியர்வை, தோலுக்கடியில் ஓடும் ஏதேதோ ரசாயனங்கள் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து அது சொல்லிவிடும். வாய் பொய் சொல்லலாம், மணிக்கட்டால் முடியாது.

முன்பெல்லாம் ஜெயித்த அணிகள் வெளியே வந்த சூட்டோடு அடித்துக்கொண்டு வழக்குமன்றம் வரை போயிருக்கின்றன. அதனால்தான் இந்த விதி. பங்கை அணியே பிரித்துக்கொள்ள வேண்டும். பொழுது சாய்வதற்குள் மூன்று பட்டையும் ஒருசேரப் பச்சையாக வேண்டும். ஆகவில்லையென்றால் மூன்று பரிசும் இரண்டாம் இடத்து அணிக்குப் போய்விடும். அந்த இரண்டாம் இடத்து அணி கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் முறுக்கு தின்றுகொண்டிருந்தது.

பரிசு என்பது ஓராண்டு வேலை. ஒன்று நிலவில் இருக்கும் தளத்தில். ஒன்று வியன்னாவில் மன்றத்தின் தலைமையகத்தில். மூன்றாவது மன்னார் வளைகுடாவின் அடியில். அங்கே குளிர்ச்சிக்காகக் கடலுக்குள் இறக்கிவைத்திருந்த கணினிகளுக்குத் துணையாக ஒரே ஓர் ஆள் இருக்க வேண்டும்.

பூரணிக்கு நிலாதான் வேண்டும். பாளையங்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பின்வீட்டில் பிறந்து, ஏர் ஹாரன் சத்தத்திலேயே பால் குடித்து, அதிலேயே பரீட்சைக்குப் படித்து வளர்ந்தவள் அவள். நிலவில் காற்று இல்லை, அதனால் சத்தமும் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து அது அவளுக்கு வானத்து நிலாவாகத் தெரியவில்லை, சொந்தமாக ஒரு அறையாகத் தெரிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர்களை ஜெயிக்க வைத்த கடைசிக் கணக்கே பங்கு பிரிக்கும் கணக்குதான். இத்தனை பேர், இத்தனை பொருள், யார் எதற்கு எவ்வளவு மதிப்பு வைக்கிறார் என்று கொடுத்துவிடுவார்கள். யாரும் யார் பங்கையும் பார்த்துப் பொறாமைப்படாதபடி பிரித்துக் காட்ட வேண்டும். ஒரு அணிக்கு ஒரே கணினி என்பதால், ஒருவர் தட்டும்போது மற்ற இருவரும் தாளில் யோசிப்பார்கள். பூரணி வழக்கம்போல முதலில் சின்னதாகத் தொடங்கினாள். இரண்டு பேர், ஒரு துண்டு அல்வா. ஒருவர் வெட்ட வேண்டும், மற்றவர் எடுக்க வேண்டும். வெட்டுகிறவர் சமமாகத்தான் வெட்டுவார். மூன்று பேரென்றால் அது உதவாது. மூன்று பேரில் பொறாமை வட்டமடிக்கும்.

வட்டத்தை அறுக்கும் வழியையும் அவள்தான் சொன்னாள்.

“மாகாளிக்கு இருதயம் பங்கு மேல கண்ணு. இருதயத்துக்கு எம் பங்கு மேல கண்ணு. எனக்கு மாகாளி பங்கு மேல. வட்டம் வந்துட்டா? எல்லாரும் ஒரு எடம் நகந்து உக்காருங்க. அவனவன் ஆசப்பட்டது அவனவனுக்குக் கெடச்சுரும்.”

“திருப்பி வட்டம் வந்தா?” என்று கேட்டவன் உச்சிமாகாளி. அணியில் வேகமாகத் தட்டுகிறவன் அவன்தான்.

“திருப்பி நகரு. ஒவ்வொரு தடவையும் எல்லாருக்கும் திருப்தி கூடிக்கிட்டே போவும். கூடிக்கிட்டே போற ஒண்ணு முடிவில்லாம சுத்த முடியாதுலா. ஒரு எடத்துல நின்னுதான் ஆகணும்.”

நிரூபணம் அழகாக இருந்தது. மாகாளி தட்டினான், அனுப்பினார்கள், தப்பு என்று திரும்பி வந்தது. மூவரும் முழித்தார்கள். மூன்றாமவன் இருதயராஜ், தூத்துக்குடி கடற்கரைப் பையன், கோவில் பாடல் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிறவன். பேசுவதைவிட முனகுவது அதிகம். அவன்தான் தாளைத் தள்ளிவிட்டுச் சொன்னான்.

“எல்லாத்துக்கும் பூஜ்யம் போட்ட ஒருத்தன் வந்தா என்ன செய்வ? நீ அவனவன் போட்ட மதிப்ப அவனவன் மொத்தத்தால வகுக்குத. மொத்தம் பூஜ்யம்னா அங்க ஒடையுது.”

“எதுவுமே வேண்டாம்னு ஒருத்தன் இருப்பானாலே?”

“இருப்பான். அவனுக்கும் ஒரு வரி எழுது.”

பூரணி ஒரு வரி எழுதினாள். மொத்தம் பூஜ்யமென்றால் அவனைக் கணக்கில் சேர்க்காதே, மற்றவர்கள் எடுத்தது போக மிச்சத்தை அவனுக்குக் கொடு. எதைக் கொடுத்தாலும் அவனுக்குப் பொறாமை வராதே. சரி என்று வந்துவிட்டது. அணி ஜெயித்துவிட்டது.

இப்போது அதே மூவர், அதே கணக்கு, ஆனால் உள்ளே இருப்பது அவர்களே.

சீட்டு எடுத்ததில் நிலா மாகாளிக்குப் போனது. வியன்னா பூரணிக்கு. கடல் இருதயராஜுக்கு. பூரணியின் பட்டை உடனே சிவந்தது. சரி, வட்டம் பார்த்து ஒரு இடம் நகர்ந்தார்கள். நிலா பூரணியிடம் வந்தது. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததுதான் தாமதம், நிலாவை இப்போதுதான் அலட்சியமாகக் கைமாற்றிய மாகாளியின் பட்டை சிவந்துவிட்டது.

“ஒங்கையிலதானலே இருந்துச்சு. அப்ப ஒண்ணுஞ் சொல்லலியே.”

“அப்ப அது அவ்வளவு நல்லா இல்லட்டி,” என்றான் மாகாளி, மனமாரத்தான்.

மறுபடி நகர்ந்தார்கள். வியன்னா கிடைத்ததும் இருதயராஜ் தன்னை மறந்து ஏதோ ஒரு ராகத்தை முனகினான். மாகாளிக்கு இப்போது வியன்னா வேண்டும். நகர்ந்தார்கள். கடல் கிடைத்த பூரணி, வேண்டுமென்றே ஒரு சிரிப்பு சிரித்துப் பார்த்தாள். மாகாளி கடலுக்கும் சிவந்தான். அவன் கெட்டவன் அல்ல. பந்தியில் பக்கத்து இலையில் விழுந்த அப்பளம் எப்போதும் பெரிதாகத் தெரியும் பிறவி, அவ்வளவுதான். அவனுக்கே அது வெட்கம்.

எத்தனை முறை நகர்ந்தார்கள் என்பதை யாரும் எண்ணவில்லை. நிரூபணம் எங்கே ஓட்டையாகிறது என்பது பூரணிக்கு மெதுவாகப் புரிந்தது. கணக்கில் மதிப்புகள் முதலிலேயே எழுதித் தரப்படும், மாறாது. மனிதர்களிடத்தில் ஒரு பொருளின் மதிப்பு, அதைக் கையில் வைத்திருப்பவன் முகத்தைப் பொறுத்து ஏறுகிறது. இந்த நிரல் நிற்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முறுக்கு தீர்ந்து சீடை வந்திருந்தது.

பூரணி ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு பெரிய கட்டடம் பாதி எழும்பி நின்றது. புதுக் கண்ணாடியும் பளிங்குமாகப் பார்க்கிறவர் கண் கூசும் கட்டடம். அதன் நெற்றியில், நாக்கைத் தொங்கவிட்டு, முறுக்கு மீசையும் முழிக் கண்ணுமாக ஒரு திருஷ்டி பொம்மை கட்டியிருந்தார்கள்.

அவள் அதையே பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள்.

“பிள்ள அழகா இருந்தா என்னல செய்வாங்க? கன்னத்துல கருப்பா ஒரு பொட்ட வப்பாங்க. நாமளும் வப்போம். அவனவன் பங்குல அவனவனே ஒரு கொறைய வச்சுக்கணும். வச்சு, சத்தமாச் சொல்லணும்.”

நிலாவை எடுத்துக்கொண்டு அவளே ஆரம்பித்தாள். நிலவில் குளிக்கத் தண்ணீர் கிடையாது, ஈரத் துணியால் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். இட்லி கிடையாது. தூங்கும்போது பையில் போட்டுக் கட்டிவிடுவார்கள், உப்பு மூட்டை மாதிரி. சொல்லச் சொல்ல மாகாளியின் பட்டை சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு இறங்கி, பச்சையாகி, அவன் முகத்தில் இரக்கமே வந்துவிட்டது. வியன்னாவை எடுத்துக்கொண்டு அவனும் தன் பங்குக்குப் புலம்பினான். குளிர், மொழி தெரியாது, சாம்பாருக்கு வழியில்லை.

மிச்சம் இருந்தது கடல். வியன்னாவைப் பார்த்தபடி இருந்த இருதயராஜின் பட்டை மஞ்சளாக இருந்தது. அவன் பட்டையையே கொஞ்ச நேரம் பார்த்தான். அது பச்சையானது. அவன் ஒரு குறையும் சொல்லவில்லை, புலம்பவில்லை.

“எனக்கு எது வந்தாலும் சரிதான்,” என்றான்.

அது எப்படிப் பச்சையானது என்று பூரணி கேட்டிருக்கலாம். ஆனால் மூன்றும் பச்சை, வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, அவள் கையில் நிலா இருந்தது. கேட்கவில்லை.

கதவைத் திறந்த மன்ற அதிகாரி ஒரு விஷயத்தை மட்டும் நினைவூட்டினார். பட்டையை ஓராண்டும் கழற்றக் கூடாது. யாருடைய பட்டையாவது ஒரு முழு நாள் தொடர்ந்து சிவப்பாக இருந்தால், பிரித்தது செல்லாது. மூவரும் திரும்பி வர வேண்டியதுதான். நடுவில் வேறு எந்தக் காரணத்துக்கும் யாரையும் மாற்ற முடியாது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படியானால் ஓராண்டும் புலம்ப வேண்டும்.

நிலவு பூரணி நினைத்ததைவிட மேலாக இருந்தது. அந்த அமைதியை முதல்நாள் கேட்டபோது, காது அடைத்துவிட்டதோ என்று பயந்து தன் பெயரைத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வானம் பகலிலும் கருப்பு. அந்தக் கருப்பில் பூமி எப்போதும் ஒரே இடத்தில் தொங்கியது, தேய்ந்து வளர்ந்துகொண்டு. வெளியே போய் வந்தால் அங்கியில் ஒட்டிய தூசியில் வெடி வெடித்த வாசனை வந்தது. தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் வருமே, அந்த வாசனை. அதற்காகவே அவள் தேவையில்லாமல் வெளியே போய் வந்தாள்.

இதில் ஒன்றையும் யாரிடமும் சொல்ல முடியாது. வாரத்துக்கொரு முறை மூவரும் திரையில் கூடும்போது, “தூசிலே, ஒரே தூசி. ஏதோ கருகின நாத்தம்” என்பாள். நிலவுக்கும் பூமிக்கும் இடையே பேச்சு போய் வர ஒரு மூச்சு நேரம் ஆகும். அந்த மூச்சு முடிந்ததும் மாகாளி உச்சுக்கொட்டுவான். பிறகு அவன் முறை. ஊர் முழுக்கக் கேக்குக் கடைகளாம், ஒன்றிலும் காரச்சேவு இல்லையாம், மனிதன் எப்படி இருப்பான் என்பான். சொல்லும்போது கன்னம் உப்பி, முகம் பளபளவென்று இருக்கும்.

புலம்பலில் மன்னன் இருதயராஜ்தான். கடலடி ஜன்னலுக்கு வெளியே ஒரு களவா மீன் தினமும் வந்து அவனை முறைத்துவிட்டுப் போகிறதாம். அது தன் அப்பா பிடித்த ஏதோ ஒரு மீனுக்குச் சொந்தக்காரனாக இருக்கும், குடும்பப் பகை என்றான். கணினிகள் ஒரே சுதியில் உறுமுகின்றன, அதுவும் சுதி கொஞ்சம் இறங்கி, கேட்கிறவனுக்குப் பைத்தியம் பிடிக்கும் என்றான். பூரணியும் மாகாளியும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அவளுக்கு ஒரு ரகசியக் கணக்கு பிடிபட்டது. யார் எவ்வளவு நீளமாகப் புலம்புகிறார்களோ, அவர்கள் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள். மறைக்க நிறைய இருப்பவன்தான் நிறையப் பொட்டு வைப்பான். தன் புலம்பல் வாராவாரம் நீண்டுகொண்டே போனதில் அவளுக்கே சிரிப்பு வந்தது.

இருதயராஜின் புலம்பல் குறையத் தொடங்கியதை அவள் தாமதமாகத்தான் கவனித்தாள். முதலில் மீன் கதை சுருங்கியது. பிறகு சுதியைப் பற்றிய பேச்சு நின்றது. ஒரு வாரம் சாப்பாட்டைப் பற்றி ஒரே வாக்கியம். அடுத்த வாரம் அவள் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

“லே இருதயம், இந்த வாரம் என்ன கொற?”

ஒரு மூச்சு.

“ஒரு கொறையும் இல்ல பூரணி. நல்லா இருக்கேன்.”

மாகாளி சிரித்தான். “தோத்துட்டான். சரக்கு தீந்துட்டு அண்ணாச்சிக்கு.”

பூரணி சிரிக்கவில்லை. “அந்தக் களவா?”

“வருது. போவுது.”

“ஒனக்கு ஏதாவது வேணுமாலே? அடுத்த சரக்குல அனுப்பச் சொல்லுதேன்.”

இந்த முறை பதில் வர ஒரு மூச்சுக்கு மேல் ஆனது. அது தொலைவால் வந்த தாமதம் இல்லை.

“ஒண்ணும் வேண்டாம்.”

அவன் கையைத் தூக்கிப் பட்டையைக் காட்டினான். நல்ல பச்சை.

அன்றே பூரணி மன்றத்துக்குப் பேசினாள். நண்பனைப் பார்க்கச் சொல்லி, முடிந்தால் அழைத்துவரச் சொல்லிக் கேட்டாள். மன்றம் மிகுந்த மரியாதையோடு பதில் சொன்னது. கடலடி ஊழியரின் பட்டை பல வாரங்களாக மஞ்சளைக்கூடத் தொட்டதில்லை. இவ்வளவு நிறைவான மனிதரை இந்தத் திட்டத்தில் அவர்கள் பார்த்ததே இல்லை. அவரை ஒரு முன்மாதிரியாக அடுத்த ஆண்டு அறிமுகப்படுத்த எண்ணம்.

பூரணி வெளியே போக அங்கிகூடப் போடாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எல்லாத்துக்கும் பூஜ்யம் போட்ட ஒருத்தன் வந்தா என்ன செய்வ. அவன் கேட்டதுதான். அவள் எழுதிய வரியும் நினைவுக்கு வந்தது. அவனைக் கணக்கில் சேர்க்காதே. மிச்சத்தை அவனுக்குக் கொடு. அவனுக்குப் பொறாமை வராது.

நிரல் சரி என்றுதான் வந்தது. பட்டையும் பச்சை என்றுதான் காட்டுகிறது. எதையும் வேண்டாதவன் கையில் அது பச்சையாகத்தான் இருக்கும், விளக்கை அணைத்துவிட்ட வீட்டில் மின்சாரம் மிச்சமாவதைப் போல.

அவனுடைய பட்டை சிவக்காது. அவன் திரும்பி வர வேண்டுமென்றால் வேறு ஒரு பட்டைதான் சிவக்க வேண்டும். ஒரு முழு நாள். அதற்கு விலை என்ன என்பது அவளுக்குத் தெரியும். அது ஜன்னலுக்கு வெளியே, சத்தமில்லாமல், சாம்பல் நிறமாக விரிந்து கிடந்தது. அவள் அதை நிறைய நேரம் பார்த்தாள். அடுத்த பேச்சுக்கு இன்னும் சில நாள் இருந்தது. அந்த நாட்களில் அவள் வேலை இல்லாதபோதெல்லாம் வெளியே போய், தூசியை வேண்டிய மட்டும் ஒட்டவைத்துக்கொண்டு வந்தாள்.

மூவரும் திரையில் கூடினார்கள். மாகாளி காபிக் கோப்பையோடு வந்து உட்கார்ந்து, புலம்ப வாயெடுத்தான்.

“இரு மாகாளி,” என்றாள் பூரணி. “மொதல்ல நான் சொல்லிக்கிடுதேன். நான் இவ்வளவு நாளா சொன்னதெல்லாம் பொய்.”

ஒரு மூச்சு.

“என்னது?”

“தூசி நாத்தம்னு சொன்னேம்லா. நாத்தம் இல்லலே. தீபாவளிக்கு மறுநா காலைல நம்ம தெருவுல வரும் பாரு, அந்த வாசன. அங்கியக் கழத்தாம அப்படியே உக்காந்திருப்பேன். இங்க நடக்க வேண்டாம், துள்ளணும். அஞ்சாறு எட்டுல ஒரு மேட்டையே தாண்டிருவேன், சின்னப்பிள்ள மாதிரி. பூமி இருக்குல்லா, நாளு முழுக்க ஜன்னல்லயே நிக்கும். அந்த நீலம் எங்கயும் கெடையாது மாகாளி. எந்தத் துணியிலயும் கெடையாது. அதுல மேகம் மெள்ள மெள்ளத் திரும்பும், யாரோ தூக்கத்துல பொரளுத மாதிரி.”

“ஏட்டி, நிறுத்து. பட்ட மஞ்சளாவுது.”

அவள் நிறுத்தவில்லை. தளத்தின் கண்ணாடிக் கூரையைச் சொன்னாள். பூமி தேய்ந்து மறையும் நாட்களில் வெள்ளமாக இறங்கும் நட்சத்திரங்களைச் சொன்னாள். தான் தினமும் சிரித்துக்கொண்டே எழுவதைச் சொன்னாள். இத்தனை நாளாகப் பதுக்கிவைத்ததை எல்லாம் அள்ளி அள்ளிக் கொட்டினாள். பாதியில் அவள் குரல் கம்மியது, ஆனால் அதுவும் சந்தோஷம் மாதிரியே கேட்டது.

“செவந்துட்டு,” என்றான் மாகாளி. நிஜமாகவே கோபம். “நல்லா செவந்துட்டு. நாளு முழுக்க இப்படியே இருந்தா மூணு பேரும் மூட்டையக் கட்டணும், தெரியும்லா?”

“தெரியும்.”

அந்த ஒற்றைச் சொல் போய்ச் சேர்ந்த பிறகு அவன் அவளையே பார்த்தான். பிறகு அவன் கண்கள் திரையின் மறுபக்கம் போயின, அங்கே இருதயராஜ் சுவரில் சாய்ந்து, யாருடைய பேச்சையோ கேட்பதுபோல உட்கார்ந்திருந்தான். மாகாளி அவனை நிறைய நேரம் பார்த்தான். வாழ்நாளெல்லாம் அடுத்தவன் இலையையே பார்த்து வளர்ந்தவன். ஒருவன் இலை காலியாகக் கிடப்பது அவனுக்குத் தெரியாமலா போகும்.

அவன் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

“ஒரு நாளு என்னட்டி ஒரு நாளு. நான் ஒரு வருசத்துக்கு வச்சிருப்பேன்,” என்றான். “நீ சொல்லு. அந்தப் பூமி என்ன நீலம்னு சொன்ன?”

பூரணி சொன்னாள். மாகாளி கேள்வி மேல் கேள்வி கேட்டான், ஒவ்வொரு பதிலுக்கும் இன்னும் கொஞ்சம் எரிந்தான், பட்டையை இருவருக்கும் காட்டிக்கொண்டே எரிந்தான். அவ்வளவு பெருமையாகப் பொறாமைப்பட்டவனை அவள் பார்த்ததில்லை.

பேசிப் பேசி அவள் ஓய்ந்தபோது கடலடியில் கணினிகள் உறுமுவது மட்டும் கேட்டது. இருதயராஜ் முன்பு சொன்னது சரிதான். சுதி கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

“பூரணி,” என்றான் இருதயராஜ்.

“சொல்லுலே.”

“நெசமாவே அப்படியா இருக்கு, அங்க?”

“நெசமாவே.”

அவன் தலையைக் குனிந்து மணிக்கட்டைப் பார்த்தான். ஒளி சரியாகத் தெரியவில்லை என்பதுபோல் கையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு மெதுவாக அதைத் திரைக்கு நேரே தூக்கிக் காட்டினான். பச்சையின் ஓரத்தில், பழுக்கத் தொடங்கிய எலுமிச்சங்காயைப் போல, லேசாக மஞ்சள்.

பூரணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஆனா காப்பி மட்டும்,” என்றாள், “அது நெசமாவே மோசம்லே.”

ஒரு மூச்சு நேரம் கழித்து, கடலுக்கடியிலிருந்து சிரிப்பு வந்து சேர்ந்தது.